திறந்தவெளியில் ஒலிபெருக்கி

மைதானத்தில் விழா நடக்கையில் ஒலிபெருக்கியின் குரலையே நாம் கேட்கிறோம். அக்கருவியைக் காப்பவரை நினைப்பதில்லை. அந்தக் காவலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1910ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், அமெரிக்க நாட்டின் ஸான் பிரான்ஸிஸ்கோ நகர வீதியில் லூயிஸா டெட்ராஸீனி என்னும் இத்தாலியப் பாடகி பாடினார். கூடியவர் இரண்டரை லட்சம் என்று அந்நாளில் மதிப்பிட்டனர். குரலைப் பெருக்கும் கருவி ஏதும் இல்லை. அன்று காக்க வேண்டியிருந்தது பாடகியின் தொண்டை ஒன்றே.

ஐந்து ஆண்டுகள் சென்றன. 1915 டிசம்பர் 24ஆம் நாள், அதே நகரின் புதிய நகர மண்டபத்தின்முன் கிறிஸ்துமஸ் விழா நடந்தது. பீட்டர் ஜென்ஸன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் அமைத்த 'மாக்னவாக்ஸ்' ஒலிபெருக்கி, பேச்சையும் இசையையும் பெருங்கூட்டத்துக்கு எட்டச் செய்தது. லத்தீன் மொழியில் அப்பெயருக்குப் 'பெருங்குரல்' என்பது பொருள்.

தொண்டையின் சுமை குறைந்தது. கருவியைக் காக்கும் கடமை பிறந்தது. அக்காலத்து ஒலிவாங்கியினுள் கரித்துகள்கள் இருந்தன. ஈரம் புகுந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; குரல் மங்கும். காற்று நேரே வீசினால் இரைச்சல் எழும். ஒலிபெருக்கியின் ஓசையே ஒலிவாங்கியினுள் மீண்டும் புகுந்தால், ஊளையிடும். 1919 செப்டம்பரில் ஸான் டியேகோ நகரத்துத் திறந்த அரங்கில் ஜனாதிபதி வில்ஸன் பேசியபோது, மேடையில் கண்ணாடிக் கூண்டு ஒன்று அமைத்திருந்தனர். அதனுள் நின்றே அவர் உரையாற்றினார்.

பின்னர் கருவிகள் பெருகின; அவற்றை இயக்கும் மின்சாரத்தின் வலிமையும் பெருகியது. 1969 ஆகஸ்டு 17ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவில் புயல்மழை பொழிந்தது. ஒலிபெருக்கிகளைத் தாங்கிய கோபுரங்களில் ஏறியிருந்தோரை இறங்குமாறு வேண்டினர். மக்கள் மிதித்துத் தேய்ந்த மின்கம்பிகளால் உயிர்ச்சேதம் நேருமோ என்று அமைப்பாளர் அஞ்சினர். இசை பல மணி நேரம் நின்றது.

இவ்வரலாறு புகட்டும் பாடம் யாது? கருவியைக் காப்பது பொருளைக் காப்பது மட்டுமன்று. கூடியிருக்கும் மக்களைக் காப்பதுமாகும். ஆகவே, கருவிகளைத் தரையில் வையாது மேடைமீது வைக்க வேண்டும். மின்கம்பிகளின் இணைப்புகள் நீர் தேங்கும் இடத்தில் கிடத்தல் ஆகாது. மழை வந்தால், முதலில் மின்சாரத்தை நிறுத்தி, அதன் பின்னரே கருவிகளை மூட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கருவியைக் காற்றுப் புகாதபடி போர்த்தினால், வெப்பம் வெளியேற வழியின்றி அது பழுதாகும். நனைந்த கருவியை நன்கு உலர்த்திச் சோதித்த பிறகே மீண்டும் இயக்குதல் தகும்.

பாட்டு பாதியில் நின்றால் கூட்டம் முணுமுணுக்கும். மறுநாள் அதே பாட்டைப் பாடிக்கொள்ளலாம்; போன உயிரை மீட்க இயலாது. மேகம் திரளும்போது, துணிந்து மின்சாரத்தை நிறுத்துபவனே விழாவின் உண்மையான காவலன்.