ஏழு கன்னியர் மலையில் அழுவது யார்?



நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா பக்கம் ஏழு கன்னியர் மலை என்றாலே பேய்க்கதைதான். ஏழு சிகரங்களும் கன்னித் தெய்வங்கள் என்பது பழைய நம்பிக்கை. 1974க்குப் பிறகு அதோடு இன்னொரு கதையும் சேர்ந்துகொண்டது: பனி மூடிய இரவில் அங்கே அழுகைச் சத்தம் கேட்குமாம், "பிளேன்ல செத்தவங்க" அலைகிறார்களாம். லயத்தில் பிள்ளைகளை அடக்குவதற்கும் இந்தக் கதைதான்.

அவர்கள் யாரென்று மட்டும் கதையில் இல்லை.

1974 டிசம்பர் 4, இரவு பத்து மணி கடந்த நேரம். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்ட மார்ட்டின்ஏர் விமானம் கட்டுநாயக்கவில் தரித்துச் செல்ல வந்துகொண்டிருந்தது. உள்ளே 182 ஹஜ் பயணிகள், 9 ஊழியர்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறக்கினார்கள். எதிரே இந்த மலை. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இலங்கை மண்ணில் இன்றுவரை இதைவிடப் பெரிய விமான விபத்து நடக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஏறக்குறைய மூன்று வாரம்தான் இருந்தது.

பேய்க்கதை சொல்கிறவர்களை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்த கோப்பிக்கால மக்கள், காய்ச்சலிலும் கொலராவிலும் விழுந்த சொந்தங்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். மாடனையும் முனியையும் ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள். தேயிலை வந்தபின் தொழிற்சாலைச் சக்கரத்துக்கும் 'ரோதை முனி' என்று ஒரு சாமியை வைத்தார்கள். (ரோதை போர்த்துக்கேயச் சொல், சாமிக்குப் பெயராகிவிட்டது!) ஆயுள் முடியாமல் செத்தவர் அலைவார் என்ற பயம் அப்படிப்பட்டவர்களுக்கு இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். போதாததற்கு 1974, தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த காலம்.

ஆனால் நம் முஸ்லிம் வீடுகளிலும் இதே கதை அப்படியே சொல்லப்படுவதுதான் எங்களுக்கு உறுத்துகிறது. மௌத்தானவரின் ரூஹு பர்ஸகில் இருக்கிறது என்று மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம், ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்களைப் பேய் என்கிறோம். காசு சேர்த்து, கடன் அடைத்து, சொந்தபந்தங்களிடம் பொருத்தம் கேட்டுவிட்டு ஹஜ்ஜுக்குப் புறப்படுவது நமக்குத் தெரியாததா?

அந்த விமானத்தின் டயர் ஒன்றை நோட்டன் பிரிட்ஜில் நினைவாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இதில் வந்தவர்கள் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் என்று சொல்லுங்கள். அங்கேயே நின்று ஒரு துஆவும் கேளுங்கள்.