கணக்குக் காட்டாதவர்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு நான் முதன்முதலாகப் போனது பெரியப்பாவோடு. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் தறிக்குழியில் கால் வைத்தவர் அவர். மண்டபச் சுவர் முழுக்க எழுத்து. கையில் கல்வெட்டுப் பாடத்தின் நகலோடு நின்று, "இதுதான் பெரியப்பா குடவோலை, இங்கதான் தேர்தல் நடந்துச்சு" என்று பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"யாரெல்லாம் நிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா?"

"நெறய எழுதியிருக்கு."

"அதுல மொதல்ல இன்னா இருக்கு?"

"ஏற்கனவே ஏதாவது வாரியத்துல இருந்துட்டு, கணக்குக் காட்டாதவங்க."

பெரியப்பா சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தச் சுவரைக் கொஞ்சம் வாசித்துவிடலாம்.

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அவை. முதலாவதில் ஒரு விதிமுறை. இரண்டே வருஷத்தில் அதற்கு ஒரு திருத்தம். முதல் ஏற்பாட்டில் ஏதோ ஓட்டை இருந்திருக்க வேண்டும். இரண்டாவதின்படி, ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. வேதப் படிப்பு. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. இவ்வளவும் இருந்தால் பெயர் ஓலையில் ஏறும். பிறகு எழுத்தறியாத ஒரு சின்னப் பையன் குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுப்பான். வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் இன்னொரு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதுதான் காரணமாக இருக்க முடியும். இப்படி அமைந்த சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எல்லாவற்றுக்கும் பதவிக்காலம் 360 நாள்.

யார் பெயர் ஓலையில் ஏறக் கூடாது என்ற பட்டியல் இதைவிட நீளம். கணக்குக் காட்டாதவர் முதலில் வருகிறார். அவர் மட்டுமில்லை, அப்பா, மகன், சகோதரன், மாமனார், மாப்பிள்ளை, மைத்துனன், தாய்மாமன் என்று உறவு முறை ஒன்றுவிடாமல் வருகிறது. பிறகு தகாத உறவிலும் மகாபாதகங்களிலும் 'எழுத்துப்பட்டார்'. பிறர் பொருளை அபகரித்தவர். பொய்க் கையெழுத்து போட்டவர். கழுதை ஏறியவர்.

'எழுத்துப்பட்டார்' என்ற சொல்லில் நான் ரொம்ப நேரம் நின்றேன். ஒருவர் மேல் குற்றம் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எழுதினது யார், விசாரித்தது யார், எழுதப்பட்டவர் மறுத்தாரா? அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை. புகாரா, தீர்ப்பா என்று பிரிக்கவும் இல்லை. ஊரில் எனக்குப் பகையாளி ஒருத்தன் இருந்து, எழுதுகோலும் அவன் கையில் இருந்தால் என் கதி என்ன? என் மாமனார் செய்த தப்புக்கு நான் ஏன் வெளியே நிற்க வேண்டும்?

கணக்குக் காட்டாதவர் விஷயம் அப்படி இல்லை. அதில் பகையாளிக்கு வேலை கம்மி. வருஷம் முடிந்தது, கணக்கு சபைக்கு வந்ததா, வரவில்லையா? ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று யாரும் தீர்மானிக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலிலேயே நியாயமான வரி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூரைக் குறிப்பிட்டுப் பேசினார். நமக்கும் பெருமைதான். ஆனால் இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. ஒன்று, அது பிரம்மதேய ஊர். நிலமுள்ள பிராமண ஆண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. என் பெரியப்பா மாதிரி நெசவாளிகளுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. பெண்களுக்கும் கிடையாது. இரண்டு, அது குலுக்கல். போட்டி இல்லை, பிரசாரம் இல்லை. தகுதி இல்லாதவரை முதலிலேயே கழித்துவிட்டு, மிச்சத்தைப் பையன் கையில் விட்டார்கள். எதிராளி மேல் பழி போட்டு ஓட்டு வாங்குகிற வித்தைக்கே அங்கே இடமில்லை.

நமக்கு வந்தது போட்டி. போட்டி வந்ததும் புகார் ஓர் ஆயுதமாயிற்று. அந்த ஆயுதம் எப்போது வெட்டும், எப்போது மழுங்கும்?

இதே பாலாறு பக்கத்து மண்ணில்தான் அதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1972 அக்டோபர் 8. திருக்கழுக்குன்றத்தில் தி.மு.க. பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். மேடையேறிக் கணக்குக் கேட்டார். அமைச்சர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், கட்சிப் பொறுப்பாளர்கள், அவர்களுடைய குடும்பத்தார் எல்லாரும் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்றார். உத்திரமேரூர்ச் சுவரை அவர் மனதில் வைத்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 921இல் கல்லில் வெட்டிய அதே இரண்டு விஷயம், கணக்கும் உறவுக்காரரும், 1051 வருஷம் கழித்துப் பக்கத்து ஊர் மைக்கில் கேட்டது. சில நாட்களில் கட்சியை விட்டு நீக்கப்பட்டார். அக்டோபர் 17ஆம் தேதி அ.தி.மு.க. பிறந்தது. 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் ஜெயித்தார். ஆளுங்கட்சியான தி.மு.க.வுக்கு மூன்றாம் இடம். 1976இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு சர்க்காரியா கமிஷன் வந்தது. 1977இல் அ.தி.மு.க. 130 இடங்களோடு ஆட்சியைப் பிடித்தது. ஆனால் கருணாநிதி மேல் சொல்லப்பட்ட அந்தப் புகார்கள் எதுவும் நீதிமன்றத் தண்டனையில் போய் முடியவில்லை. 1977இல்கூட அவர் அண்ணா நகரில் ஜெயித்தார். கட்சி தோற்றது, புகாருக்கு ஆளானவர் தோற்கவில்லை.

அடுத்த உதாரணம் இன்னும் விசித்திரம். 1996இல் ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். அ.தி.மு.க.வுக்கு 234இல் நான்கே இடம். அப்போது எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டித்திருக்கவில்லை. வெறும் புகார்கள், கூடவே 1995 செப்டம்பரில் ஊரே வாய்பிளந்து பார்த்த வளர்ப்பு மகன் கல்யாணம். 2000 அக்டோபரில் டான்சி நில வழக்கில் மூன்றாண்டு தண்டனையே வந்துவிட்டது. 2001இல் நான்கு தொகுதிகளில் போட ​வேட்புமனு அத்தனையும் தள்ளுபடி. அந்தத் தேர்தலில்தான் அவருடைய கட்சி 132 இடங்களும் கூட்டணி 196 இடங்களும் பிடித்தன. மே 14ஆம் தேதி முதலமைச்சரானார். செப்டம்பர் 21ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தப் பதவியேற்பு செல்லாது என்றது. டிசம்பரில் உயர் நீதிமன்றம் டான்சி வழக்கில் விடுதலை செய்தது. 2002 பிப்ரவரியில் ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் ஜெயித்துத் திரும்பி வந்தார்.

புகார் இருந்தபோது தோல்வி, தண்டனை வந்தபோது வெற்றி. ஜனங்களுக்குப் புத்தியில்லை என்று இதற்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. 1996இல் மூப்பனார் காங்கிரசை உடைத்துத் தமிழ் மாநில காங்கிரஸ் கண்டு தி.மு.க.வோடு நின்றார். 2001இல் அதே த.மா.கா. ஜெயலலிதாவோடு நின்றது. 1972லும் புகாரை எடுத்து நடந்தவர் சொந்தக் கட்சியைப் பிளந்து வந்தவர்தான். புகாருக்குத் தனியாகக் கால் இல்லை. யாராவது தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கோபப்பட்ட ஓட்டு போய்ச் சேர ஒரு சின்னமும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய புகாரும் டீக்கடைப் பேச்சோடு நின்றுவிடுகிறது.

எங்கள் ஊரில் அண்ணாவைப் பற்றிச் சொல்லும் ஒரு கதை உண்டு. தேர்தல் சமயத்தில் அவருடைய பிறப்பைப் பற்றிக் கேவலமாக எழுதி ஒரு தட்டி வைத்தார்களாம். கட்சிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அண்ணா ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பக்கத்தில் வைக்கச் சொன்னாராம். பகலில் பார்க்க முடியாதவர்கள் ராத்திரியிலும் படிக்கட்டும் என்று. எந்தத் தேர்தல் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். 1957இல் காஞ்சிபுரத்தில் அவர் ஜெயித்தார். 1962இல் பஸ் முதலாளி நடேச முதலியாரிடம் தோற்றார். அவதூறு வேறு, புகார் வேறு என்பதற்கு இந்தக் கதையை எப்போதும் நினைத்துக்கொள்வேன். அம்மாவைப் பற்றி எழுதியதற்குப் பதில் சொல்ல எந்த நோட்டும் கிடையாது. ஏரி வாரியத்துப் பணம் எங்கே என்று கேட்டால் நோட்டைத் திறந்தாக வேண்டும்.

இப்போது பெரியப்பா கதை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் இயக்குநர் பதவிக்கு அவர் ஒருமுறை நின்றார். சங்கத்தில் பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். புடவையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது திரும்ப எடை. குறைந்தால் கூலியில் பிடித்துவிடுவார்கள். அவருடைய நோட்டில் வருஷக்கணக்காகக் குறைவே கிடையாது. ஓட்டுக்கு இரண்டு நாள் முன்னால், "ஜரிகையில கை வெச்சவன்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் ஆரம்பித்தது என்று கடைசிவரை தெரியவில்லை. பெரியப்பா நோட்டை மடியில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். எல்லாரும் "அட, உங்களத் தெரியாதா அண்ணே" என்றார்கள். ஒருத்தர்கூட நோட்டைத் திறக்கவில்லை. தோற்றுப்போனார். அதற்கப்புறம் அவர் எதிலும் நிற்கவில்லை.

பெரிய தலைவர்களைத் தண்டனைகூட வீழ்த்தாத ஊரில், ஒரு நெசவாளியை ஒரு வதந்தி வீழ்த்திவிடுகிறது. அவருக்குக் கூட்டணி கிடையாது, சின்னம் கிடையாது.

இன்றைய சட்டம் என்ன செய்கிறது? 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றவர் தண்டனைக் காலமும் அதன்பின் ஆறு வருஷமும் நிற்க முடியாது. 2002, 2003 தீர்ப்புகளுக்குப் பிறகு வேட்பாளர்கள் தங்கள் மேல் உள்ள வழக்கையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதுகிறார்கள். 2013இல் லில்லி தாமஸ் வழக்குத் தீர்ப்பு, தண்டனை பெற்ற உறுப்பினரின் பதவி உடனே போகும் என்றது. 2018இல், குற்றச்சாட்டு மட்டும் பதிவான வேட்பாளரைத் தடுக்க முடியுமா என்று கேட்டபோது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் ஜெயித்த 543 பேரில் 251 பேர் தங்கள் மேல் வழக்கு இருப்பதாக எழுதிக் கொடுத்தவர்கள். 2009இல் அது 162.

நீதிபதிகள் தயங்கினதில் நியாயம் உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. எழுத்துப்பட்டாரை எல்லாம் வெளியே நிறுத்தினால், காவல் நிலையத்தில் எழுதுகிறவர் கைக்குத் தேர்தல் போய்விடும். போராட்டத்தில் ரோட்டில் உட்கார்ந்தவர் மேலும் வழக்கு இருக்கிறது. ஆனால் எழுத்துப்பட்டாரை நிற்க விட்டுவிட்டு, கணக்குக் காட்டாதவரையும் அதே வரிசையில் விட்டுவிட்டோம். தொகுதி நிதி என்ன ஆயிற்று, ஐந்து வருஷத்தில் சொத்து ஏன் இத்தனை மடங்கு ஆயிற்று? பத்திரத்தில் எண் இருக்கிறது. யாரும் எடை போடுவதில்லை. சங்கத்தில் புடவைக்குப் போடுகிற எடையைக்கூட.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கணக்குக் காட்டினவனுக்கு இன்னா செய்யணும்னு ஏதாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல பெரியப்பா."

"ம்."

வீட்டுக்கு வந்ததும் நான் அந்த நோட்டைக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் நானும் கேட்டதில்லை. தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, துணியைப் பிரித்துக் கொடுத்தார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எடையாக விரல் வைத்துப் படித்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பக்கம் தள்ளிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.