யாருக்கு அனுப்பப் போறீய?

டாலிகஞ்ச் என்று சொன்னால் "கல்கத்தாவா?" என்பார்கள். இல்லை. இது அந்தமான் டாலிகஞ்ச், போர்ட் பிளேரில் ஒரு பகுதி. (2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) அப்பா வேலைக்காகக் கப்பலேறிப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். நான் பிறந்து வளர்ந்தது அங்கே, பிழைப்பு லண்டனில். 2011 கணக்கெடுப்புப்படி அந்தமானில் நூறு பேரில் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். ஆகவே அங்கே வளர்ந்ததில் எனக்குத் தமிழுக்குப் பஞ்சமில்லை. உறவுக்குத்தான் பஞ்சம். ஆச்சி, தாத்தா, அத்தை, மாமா எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம். மெட்ராசுக்குக் கப்பலில் மூன்று நாள்.

அதனால் எங்கள் வீட்டில் போட்டோ எடுப்பது ஒரு சடங்கு. குளித்து, தலைவாரி, அம்மா பட்டுப்புடவை கட்டி, டாலிகஞ்சில் பஸ் ஏறி அபர்டீன் பஜார் போவோம். அங்கே ஒரு சின்ன ஸ்டுடியோ. நடத்தியவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. பின்னால் தாஜ்மகால் வரைந்த திரை, பக்கத்தில் பிளாஸ்டிக் பூச்சாடி. உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒன்று இருக்கும், போய்ப் பாருங்கள்.

அண்ணாச்சி கேமராவைத் தொடும் முன் ஒரு கேள்வி கேட்பார். "யாருக்கு அனுப்பப் போறீய?" பதிலுக்குத் தகுந்தபடிதான் எல்லாம். மாமியாருக்கு என்றால் அம்மாவின் வளையல் தெரியும்படி கை முன்னால் வரும். பெண் வீட்டுக்கு என்றால் மாப்பிள்ளையின் கைக்கடிகாரம் படத்தில் விழவேண்டும். கண் மங்கிய ஆச்சிக்கு என்றால் முகம் மட்டும், பெரிதாக. "அவுக மூஞ்சியத்தான தடவிப் பாப்பாக, காலு எதுக்கு?" என்பார். பிறகு நெகட்டிவின்மேல் பென்சில் பிடித்து அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருமை எல்லாவற்றையும் குறைப்பார். "இங்க சந்தோசமா இருக்கியன்னு அங்க தெரியணும்லா?"

அவருக்கு ஜென்மப் பகை ஈரக்காற்று. வருடத்துக்கு 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில் லென்சில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது பிள்ளை வளர்ப்பதைவிடக் கஷ்டம். எரியும் பல்பு வைத்த மரப்பெட்டிக்குள் லென்சைப் படுக்க வைத்திருப்பார்.

இவர் நினைப்பு எனக்கு மறுபடி வந்த விதம் விசித்திரம். லண்டன் குளிர்கால இரவு ஒன்றில் பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையப் பட்டியலில் சும்மா "போர்ட் பிளேர்" என்று தட்டினேன். ஊர் ஏக்கம்தான், வேறென்ன. ஏதாவது பழைய தெரு வரும் என்று பார்த்தால் முகங்களாக வந்தன. அந்தமானியப் பழங்குடிகளின் முகங்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. சிலரின் பின்னால் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். எடுத்தவர் மாரிஸ் விடால் போர்ட்மன்.

இந்தக் கதை அவருக்கும் முன்னால் தொடங்குகிறது. 1857 கிளர்ச்சிக் கைதிகளை அடைக்க இடம் தேடிய கம்பெனி அரசு, அந்த வருடக் கடைசியில் மருத்துவர் மௌவாட் தலைமையில் ஒரு குழுவை அந்தமானுக்கு அனுப்பியது. புளூட்டோ என்ற நீராவிக் கப்பலில் கூடவே போனவர் மல்லிட், கல்கத்தாவிலிருந்த பிரெஞ்சுப் போட்டோகிராபர். ஒரு தீவில் மோதல், சாவுகள். கையில் சிக்கிய ஒருவரைப் பிடித்துவந்து, ஜாக் என்று பெயர் வைத்து, சட்டை மாட்டி, கல்கத்தாவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நோய் கண்டதும் திரும்பக் கொண்டுபோய்த் தீவில் இறக்கிவிட்டார்கள். அவருடைய நிஜப்பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

போர்ட்மன் 1879-ல், இருபது வயதுகூட நிரம்பாமல், அந்தமானியர் பொறுப்பு அதிகாரியாக வந்தவர். ஏறக்குறைய இருபது வருடம் அங்கே இருந்தார். அவர்களுடைய மொழிகளைக் கற்று 1887-ல் கையேடு போட்டார். 1899-ல் இரண்டு தொகுதியாக ஒரு வரலாறு எழுதினார். 1890-களில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கென்றே கனமான தொகுதிகளாகப் படங்கள் எடுத்துக் கொடுத்தார். மோல்ஸ்வொர்த் என்ற மருத்துவர் உதவிக்கு. உயரம், எடை, நாடித்துடிப்பு, உடல் சூடு என்று ஆளாளுக்கு அளவுப் பதிவும் உண்டு.

வேலையில் கெட்டிக்காரர், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கண்ணாடித் தகட்டுக் காலம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஜெலட்டின் படலம் ஓரத்தில் சுருண்டு கழன்றுவிடும். அந்தச் சூட்டில் பெரிய தகடுகளைக் கழுவி எடுத்தது சின்னக் காரியமில்லை. 1896-ல் மானிடவியலாளர்களுக்காக எழுதிய கட்டுரையில், மங்கலாக எடுப்பதைக் கலை என்று சொல்லும் அன்றைய மோஸ்தரைக் கிண்டல் செய்கிறார். எல்லாம் கூர்மையாகத் தெரியவேண்டும், எதிரில் நிற்பவரிடம் பொறுமை வேண்டும், கோபப்படக் கூடாது என்கிறார். வில் செய்வதைக்கூடப் படிப்படியாக எடுத்திருக்கிறார்.

அந்தக் கட்டம் போட்ட திரை அவர் யோசனை இல்லை. 1869-ல் லாம்ப்ரி என்பவர் லண்டனில் சொன்னது. மரச்சட்டத்தில் பட்டு நூலால் இரண்டு அங்குலக் கட்டங்கள் கட்டி, முன்னால் ஆளை நிறுத்தினால், உலகத்தில் எந்த மூலையில் எடுத்த உடம்பையும் இன்னொன்றோடு ஒப்பிடலாம். அண்ணாச்சியின் தாஜ்மகாலுக்கும் இதற்கும் வித்தியாசம் புரிகிறதல்லவா? "யாருக்கு அனுப்பப் போறீய?" என்று போர்ட்மனைக் கேட்டிருந்தால் பதில் ரெடியாக இருந்திருக்கும்: மியூசியத்துக்கு. நின்றவர்களை யாரும் கேட்கவில்லை.

இது அந்தமானோடு நிற்கவில்லை. எழும்பூர் மியூசியத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் ஆட்களையும் இப்படித்தான் அளந்தார். மூக்குக்கு ஒரு இடுக்கி, மண்டைக்கு ஒரு இடுக்கி. வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களில் அழகானவர்களைப் பஞ்சடைத்து மெட்ராஸ் மியூசியத்தில் வைக்கப்போகிறார் என்று பயந்தார்களாம். உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று நினைத்து ஒரு இருளர் மறுத்துவிட்டாராம். தர்ஸ்டன் தமாஷாக எழுதிவைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போர்ட்மன் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். 1880-ல் வடக்கு சென்டினல் தீவில் இறங்கி, ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குப் பிடித்துவந்தார். எல்லாரும் நோயில் விழுந்தார்கள். பெரியவர்கள் இருவரும் செத்துப்போனார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திரும்ப விட்டார்கள். அவர்கள் கூடவே என்ன நோயைக் கொண்டுபோனார்களோ. நம்மைப் பற்றிய பயத்தையும் பகையையும் வளர்த்ததுதான் மிச்சம் என்று அவரே தன் புத்தகத்தில் எழுதுகிறார். 2018 நவம்பரில் ஒரு அமெரிக்க இளைஞர் அந்தத் தீவில் கொல்லப்பட்டபோது, அவர்கள் ஏன் அம்பு விடுகிறார்கள் என்று எல்லாரும் கேட்டார்கள்.

படத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் கிரேட் அந்தமானியர். 1858-ல் போர்ட் பிளேர் குடியேற்றம் தொடங்கியபோது சில ஆயிரம் பேர் இருந்தார்கள். 1877-ல் தட்டம்மை வந்தது, கூடவே மேகநோய். 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1961-ல் 19 பேர். 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தபோது போ மொழியும் கூடவே போயிற்று. அழிந்துகொண்டிருக்கிறார்கள் என்று போர்ட்மனுக்கு நன்றாகத் தெரியும். அந்த அவசரத்தில்தான் எடுத்தார். இன்று ஸ்ட்ரெயிட் தீவில் இருக்கும் ஒரு பேரன் தன் முப்பாட்டன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால், அது இருப்பது லண்டனில், என் வீட்டிலிருந்து ட்யூபில் போகிற தூரத்தில். பழங்குடிகளை இப்போது படம் எடுப்பது சட்டப்படி குற்றம். நல்ல சட்டம்தான்.

2009-ல் ஊருக்குப் போனபோது இந்தப் படங்களை லேப்டாப்பில் கொண்டுபோய் அண்ணாச்சியிடம் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"வெளிச்சம் இடப்பக்கமிருந்து எடுத்திருக்கான். நல்ல வேலக்காரன். ஆனா ஒருத்தர் மூஞ்சிலயும் எடுக்கவன்கிட்ட பேசுன பேச்சு இல்ல தம்பி. பேசிக்கிட்டே எடுத்தா வேற மாதிரி இருக்கும்." அடுத்த படம். "கீழ என்ன எழுதியிருக்கு?"

பெயர், குழு, வயது என்றேன். பலருக்கு அப்படிக் குறித்து வைத்திருக்கிறார்.

"பேரு எழுதியிருக்கானா?"

அதற்குப் பிறகு அவர் பேச்சே மாறிவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்ததைச் சொன்னார். நிகோபார் பக்கமிருந்து வந்து முகாமில் தங்கியிருந்தவர்கள் அவர் கடைக்கு வந்து நின்றார்களாம். "எங்க அண்ணன் இங்கதான் படம் எடுத்தான், நெகட்டிவ் இருக்கா?" வீட்டோடு எல்லாம் போய்விட்டது, படத்துக்கு வேறு வழியில்லை. அண்ணாச்சியிடம் டின் டின்னாக நெகட்டிவ் இருந்தது. ஆனால் உறைகளின்மேல் வெறும் நம்பர். பில் புத்தகங்களைக் கரையான் தின்று வருஷமாகியிருந்தது. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துத் தேடினாராம். ஈரத்தில் ஒட்டிப்போனவை பாதி.

"எத்தன பேருக்குக் கெடச்சுது?"

"மூணு பேருக்கு. வந்தவுக இருவதுக்கு மேல."

நான் கிளம்பும்போது ஒரு தகர டின்னைத் திறந்து, உறைகளை மேசையில் பரப்பி, பால்பாயிண்ட் பேனாவால் ஞாபகம் இருக்கிற பெயர்களை எழுத ஆரம்பித்திருந்தார். ஒரு உறையை என் பக்கம் நீட்டினார். "இது ஒங்க அம்மாதான? ஒங்க ஆச்சிக்கு அனுப்புனது. முழுப்பேரு சொல்லுங்க."