பங்சாரில் ஈர்ப்பும் இயக்க விதிகளும்

பூமி தன்மேல் உள்ள ஒவ்வொரு பொருளையும் தன் மையத்தை நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பே ஈர்ப்பு விசை. ஒரு பொருள் எப்போது வேகம் மாறும், எப்போது திசை மாறும் என்பதைச் சொல்பவை இயக்க விதிகள். இரண்டையும் ஐசக் நியூட்டன் 1687இல் வெளியான ‘பிரின்சிப்பியா’ நூலில் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தார். கோலாலம்பூர் நகர மையத்துக்குத் தென்மேற்கே, மேடும் சரிவுமாகக் கிடக்கும் பங்சார் இந்த விதிகளைக் கண்ணால் பார்த்துப் படிக்க ஏற்ற இடம். நிலநடுக்கோடு அருகில்; ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டம்; இன்று ஓட்டுநர் இல்லாத ரயில் ஊரோரமாக ஓடுகிறது.

படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் தெளிய வேண்டியது ஒன்று உண்டு. பொருள் நகர்ந்துகொண்டே இருப்பதற்கு விசை தேவையில்லை. அந்த நகர்வு மாறுவதற்குத்தான் விசை வேண்டும். இதுவே முதல் விதி. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து கலிலியோ காலம்வரை அறிஞர்கள் பலரும் தவறியது இந்த இடத்தில்தான். இன்று மாணவர்கள் தடுமாறுவதும் இங்கேதான்.

எடை குறையும் ஊர்

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கிறது. இங்கே கைவிட்ட பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடிக்கும் வினாடிக்கு 9.78 மீட்டர் வீதம் கூடும். லண்டனில் இந்த அளவு 9.81, துருவத்தில் 9.83. பூமியின் சுழற்சியால் பங்சார் மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுற்றுகிறது. அந்தச் சுற்றுக்கே ஈர்ப்பில் ஒரு சிறு பங்கு செலவாகிறது. மேலும், பூமி இடுப்புப் பகுதியில் பருத்திருப்பதால் நாம் அதன் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி நிற்கிறோம். துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சுழற்சியால் வருவது. மீதி இந்தப் பருமனால்.

ஈர்ப்பு இப்படிக் குறைவதை உலகுக்கு முதலில் காட்டியது ஒரு கடிகாரம். 1672இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசில் சரிசெய்த ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேன் நகரத்துக்குக் கொண்டுபோனார். கயேனும் நம்மைப் போலவே நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊர். அங்கே கடிகாரம் நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பிந்தியது. ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். ரிஷே ஊசலின் நீளத்தைக் குறைத்துத்தான் நேரத்தைச் சரிக்கட்டினார். நியூட்டன் இந்தச் செய்தியைத் தம் நூலில் சான்றாக எடுத்துக்கொண்டார். லண்டனில் சரிசெய்து கோலாலம்பூருக்கு அனுப்பிய ஊசல் கடிகாரமும் ஊசலைத் திருத்தாமல் விட்டால் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தும்.

அப்படியானால் லண்டனில் 100 கிலோ அரிசி இங்கே 100 கிலோ இல்லையா? இரு தட்டுத் தராசில் நிறுத்தால் இங்கும் 100 கிலோதான், ஏனென்றால் படிக்கல்லின் எடையும் அரிசியோடு சேர்ந்தே குறைகிறது. லண்டனில் அளவு குறித்த சுருள்வில் தராசில் தொங்கவிட்டால் 300 கிராமுக்குச் சற்று மேல் குறைத்துக் காட்டும். அரிசியின் அளவு மாறவில்லை. அதைப் பூமி இழுக்கும் விசைதான் மாறியது. முதலாவது பொருண்மை, இரண்டாவது எடை.

இந்தச் சொற்களில் தமிழ் மாணவருக்கு ஒரு கூடுதல் சிக்கலும் இருக்கிறது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ‘பொருண்மை’ என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘நிறை’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘திணிவு’ என்கிறது. இலங்கையில் ‘நிறை’ என்றால் எடை! ஒரே சொல் இரு நாட்டில் இரு பொருளில் வழங்குவது பிள்ளைகளுக்குச் சுமை. இக்கட்டுரை உள்ளூர் வழக்கையே கொள்கிறது.

தே தாரிக்

பங்சார் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) தே தாரிக் என்னும் தேநீரை ஆற்றுபவரின் கையைக் கவனிக்கலாம். ஒரு கை தலைக்கு மேலே, மறு கை இடுப்புக்குக் கீழே. ‘தாரிக்’ என்றால் மலாயில் ‘இழு’. ஆனால் தேநீரை இழுப்பது அவர் கையல்ல, பூமி. குவளை விளிம்பை விட்ட தேநீர் ஒரு மீட்டர் இறங்க அரை வினாடிகூட ஆகாது. கீழ்க்குவளையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். அந்த வேகத்தில் விழுந்து மோதுவதால்தான் காற்று உள்ளே புகுந்து நுரை பொங்குகிறது.

தேநீர்த் தாரை மேலே தடித்தும் கீழே மெலிந்தும் இருக்கும். 10 சென்டிமீட்டர் இறங்கிய இடத்தைவிட 90 சென்டிமீட்டர் இறங்கிய இடத்தில் வேகம் மூன்று மடங்கு. வினாடிக்கு மேலே எவ்வளவு தேநீர் கடக்கிறதோ அவ்வளவுதான் கீழேயும் கடக்க முடியும். ஆகவே தாரையின் குறுக்குப் பரப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. முடுக்கம் என்பதைக் கருவியின்றிக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

விழுவதும் எடையின்மையும் ஒன்றே. 2007 அக்டோபர் 10ஆம் நாள் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் ஷூக்கோர் பைக்கானூரிலிருந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அங்கே அவர் மிதந்ததைப் பார்த்து, மேலே ஈர்ப்பே கிடையாது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் 90 விழுக்காடு இருக்கிறது. நிலையமும் அவரும் சேர்ந்து விழுந்துகொண்டே இருந்தார்கள்; பக்கவாட்டு வேகம் மிக அதிகம் என்பதால் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றினார்கள்.

சரிவு

பால்மரத்தின் (ரப்பர் மரத்தின்) பட்டையில் வெட்டுக் கோடு ஏன் சாய்வாகப் போகிறது? பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் பாலை வெளியே தள்ளும். கோடு வழியே அதை மங்கு என்னும் பால் கிண்ணத்துக்குக் கொண்டுசேர்ப்பது ஈர்ப்பு. ஒட்டுக் கட்டிய மரத்தில் சாய்வு சுமார் 30 பாகை. அந்தச் சாய்வில், எடையில் சரிபாதி கோட்டின் வழியே இழுக்கும். சாய்வு குறைந்தால் பால் தேங்கி வழிந்து வீணாகும். தோட்டத்தில் பால் வெட்டிய நம் முன்னோர் பாகைமானி இல்லாமலே இந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தார்கள்.

அதே கணக்கு குன்றுக்கும் பொருந்தும், விளைவுதான் வேறு. சரிவில் கிடக்கும் மண்ணின் எடையில் ஒரு கூறு அதைக் கீழே இழுக்கிறது. இன்னொரு கூறு அதைச் சரிவோடு அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் இருந்தால்தான் உராய்வு இருக்கும். உராய்வும் மண்ணின் ஒட்டுத்தன்மையும் சேர்ந்துதான் குன்றைத் தாங்குகின்றன. தொடர்மழையில் மண்ணுக்குள் இறங்கும் நீர் இரண்டு கெடுதல் செய்கிறது. எடையைக் கூட்டுகிறது. மண்துகள்களுக்கு இடையே நின்று அழுத்தத்தைத் தானே வாங்கிக்கொண்டு உராய்வைக் குறைக்கிறது.

1993 டிசம்பர் 11ஆம் நாள் கோலாலம்பூரை ஒட்டிய உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் 12 மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். பல நாள் பெய்த மழைக்குப் பின், கட்டடத்தின் பின்னால் இருந்த சரிவும் தடுப்புச் சுவர்களும் பெயர்ந்து, மண் அடித்தளத்தைத் தள்ளியது. குன்றின் வடிகால் ஒழுங்காக இல்லாததும் காரணம். புது விதி எதுவும் அன்று வேலை செய்யவில்லை. சாய்தளம் பற்றிய பாடத்தில் வரும் அதே இரண்டு கூறுகள்தான்.

பங்சார் மேட்டுச் சாலைகளில் வீடுகளின் பின்னால் கான்கிரீட் தடுப்புச் சுவர் இருந்தால், அதில் வரிசையாகச் சிறு குழாய்கள் நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். மழை விட்டபின்னும் அவற்றிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மண்ணுக்குள் நீர் தேங்கி அழுத்தம் ஏறாமலிருக்கத்தான் அவை. அழகுக்காகவோ கறை படியாதிருக்கவோ அவற்றைச் சிமெண்ட் பூசி அடைக்கவே கூடாது.

நிலையும் நிலைமமும்

தேர் நிற்கும் இடத்துக்குத் தமிழில் ‘நிலை’ என்று பெயர். முதல் விதி சொல்லும் பண்புக்கு ‘நிலைமம்’ என்று பெயர். நிலையில் நிற்கும் தேரைக் கிளப்ப எத்தனை பேர் வடம் பிடிக்க வேண்டும், பின்சக்கரத்துக்கு எவ்வளவு நெம்பு கொடுக்க வேண்டும் என்பது ஊர்த் திருவிழா கண்டவர்களுக்குத் தெரியும். கிளம்பிய தேரை நிறுத்துவது அதைவிடக் கவலை தரும் வேலை. முட்டுக்கட்டை போடத் தேர்ந்த கைகள் தேவை. பொருண்மை மிகுந்தால் நகர்த்தவும் அரிது, நிறுத்தவும் அரிது. விசை = பொருண்மை × முடுக்கம் என்ற இரண்டாம் விதி இதையே எண்ணில் சொல்கிறது.

நிலைமத்தின் கொடுமையையும் கோலாலம்பூர் கண்டிருக்கிறது. 2021 மே 24ஆம் நாள் இரவு, பங்சார் வழியே ஓடும் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. ரயில் தடத்தில், கம்போங் பாரு, கே.எல்.சி.சி. நிலையங்களுக்கு இடையே இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்றில் 213 பயணிகள். மற்றொன்று பயணிகள் இல்லாமல் ஓட்டுநர் ஒருவரால் ஓட்டப்பட்டது. ஒன்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர், மற்றதன் வேகம் 40. பெரிய வேகம் என்று சொல்ல முடியாது. ஆனால் பெட்டி நின்றபோது உள்ளிருந்தவர்கள் நிற்கவில்லை. கம்பியோ கண்ணாடியோ இருக்கையோ தடுக்கும்வரை பழைய வேகத்திலேயே போனார்கள். மிகக் குறுகிய நேரத்தில் வேகம் பூச்சியமானால் அதற்கு வேண்டிய விசை மிகப் பெரிதாகும். காயமடைந்தவர் இருநூறுக்கும் மேல்.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற மூன்றாம் விதிக்கும் அதே தடம் பாடம். 1998 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய இந்த ரயிலின் சக்கரங்கள் தாமாக உந்துவதில்லை. பெட்டியின் அடியில் நீள்வாட்டில் விரித்துவைத்த மின்மோட்டார் இருக்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே ஓர் உலோகத் தகடு தடம் நெடுகப் போகிறது. மோட்டார் காந்தப்புலத்தால் தகட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தகடு அதே அளவு விசையால் ரயிலை முன்னுக்குத் தள்ளுகிறது. இரண்டு விசையும் சமம் என்றால் ஒன்றையொன்று அழித்துவிடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். அழிக்காது, ஏனென்றால் ஒன்று தகட்டின் மீது விழுகிறது, மற்றது ரயிலின் மீது. தகடு பாலத்தோடும் பாலம் நிலத்தோடும் பிணைந்திருக்கிறது. பூமியின் பொருண்மைக்கு முன் அந்தத் தள்ளல் ஒன்றுமே இல்லை. சக்கரம் உராய்வால் உந்தும் ரயில் நனைந்த தண்டவாள ஏற்றத்தில் வழுக்கலாம். இந்த ரயில் உந்துவதற்கு அந்த உராய்வை நம்பியில்லை. பங்சார் நிலையத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றபடியே, இரு தண்டவாளங்களுக்கும் நடுவே மழையில் நனைந்து கிடக்கும் அந்தத் தகட்டைப் பார்க்கலாம்.