எதிர்ப்புச் சக்தியா, மருந்தா, ஊரடங்கா?

கொள்ளைநோய் பரவும்போது மக்களைக் காப்பது எது? உடலின் எதிர்ப்புச் சக்தியா, மருந்தா, வீட்டுக்குள் அடைந்து கிடப்பதா? கோவிட்-19 காலத்தில் சாப்பாட்டுக் கடை தொடங்கி நாடாளுமன்றம் வரை விவாதிக்கப்பட்ட கேள்வி இது. பெக்கோக் போன்ற ஊர்களை நினைத்துப் பார்த்தால் இதற்குரிய விடை தெளிவாகும்.

ஜொகூரின் சிகாமட் மாவட்டத்தில், தோட்டங்களுக்கு நடுவே, ரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் பெக்கோக். ஜொகூர் ரயில் பாதை 1909-இல் முடிந்தது. அடுத்த பத்தாண்டுக்குள், 1918-இல், இன்ஃபுளுவென்சா காய்ச்சல் மலாயாவுக்குள் புகுந்தது. கப்பலும் ரயிலும் ஆட்களை மட்டுமல்ல, நோயையும் சுமந்து வந்தன. லயத்து வீடுகளில் நெருங்கி வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களே பெருமளவில் மடிந்தனர். மலாயாவில் ஏறக்குறைய 35 ஆயிரம் பேர் இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. இந்தியாவில் இறந்தோர் ஒரு கோடிக்கும் மேல்.

அன்று கிருமி இன்னதென்றே தெரியாது. மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுவென்சா வைரஸ் 1933-இல்தான் பிரித்தறியப்பட்டது. தடுப்பூசி இல்லை, வைரஸை வெல்லும் மருந்தும் இல்லை. நோய் வந்து பிழைத்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி கிடைத்தது உண்மை. ஆனால் அதற்கான விலை பல்லாயிரம் உயிர்கள். ‘இயற்கையே பார்த்துக்கொள்ளும்’ என்போர் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

நூறாண்டு கழித்து அரசாங்கம் வேறு வழியை நாடியது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. மார்ச் 27-இல் நாட்டிலேயே முதன்முறையாக, ஜொகூரின் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு குடியிருப்புப் பகுதி 14 நாள்களுக்கு முழுமையாக முடக்கப்பட்டது. பலன் கிடைத்தது. ஜூலைத் தொடக்கத்தில் நாட்டின் அன்றாடத் தொற்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

ஆனால் இதற்கும் விலை இருந்தது. ஜொகூர் பாலம் மூடப்பட்டதால், சிங்கப்பூரில் வேலை செய்த பலர் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பார்க்க முடியாமல் தவித்தனர். 2021 ஜூன் முதல் நாள் மீண்டும் முழு முடக்கம். அம்மாத இறுதியில், உணவின்றித் தவித்த குடும்பங்கள் உதவி கேட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டின. இத்தனைக்குப் பிறகும் ஆகஸ்ட் 26-இல் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று பதிவானது. முடக்கம் மட்டும் போதாது என்பது அன்று தெளிவானது.

மருந்து என்னவாயிற்று? ஐவர்மெக்டின் குணமாக்கும் என்ற பேச்சு பரவியபோது, மலேசிய அரசாங்க மருத்துவமனைகள் அதைச் சோதித்தன. 490 நோயாளிகளில் மருந்து பெற்ற 241 பேரில் 52 பேருக்கும், பெறாத 249 பேரில் 43 பேருக்கும் நோய் முற்றியது. மருந்தால் நோய் முற்றுவது குறையவில்லை. மாறாக, டெக்சாமெத்தசோன் என்னும் பழைய, மலிவான மருந்து, சுவாசக் கருவியில் இருந்தோரின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வு காட்டியது. எது மருந்து என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும், ஊர்ப்பேச்சு அல்ல.

எதிர்ப்புச் சக்தியை உயிரைப் பணயம் வைக்காமல் பெறும் வழியைத் தடுப்பூசி திறந்தது. 2021 பிப்ரவரி 24-இல் தொடங்கிய பணி, அக்டோபரில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினரை எட்டியது. 2022 மார்ச் 5-இல் தொற்று 33,406-ஐத் தொட்டது. ஆனாலும் அன்றாட மரணம் முந்தைய ஆகஸ்ட் அளவுக்கு ஏறவில்லை. ஓமிக்ரான் வகை ஓரளவு கடுமை குறைந்தது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

ஆக, மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. ஊரடங்கு அவகாசம் தரும். அந்த அவகாசத்தில் மருந்தைச் சோதித்து, தடுப்பூசியைக் கொண்டு சேர்க்க வேண்டும். அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவரை வீட்டில் இருக்கச் சொன்னால், அவர் வீட்டு அடுப்பு எரியவும் வழி செய்ய வேண்டும். அடுத்த கொள்ளைநோய் வருமுன் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.