ஓர் ஏகாரம்

ஞாயிறு பள்ளியில் ரோமர் 3:28ஐ மனப்பாடமா ஒப்பிச்சவன் நான். அதிலுள்ள 'விசுவாசத்தினாலேயே' என்பதன் கடைசி ஏகாரத்தை இப்போதுதான் கவனித்தேன்.

1522இல் லூதர் அதே வசனத்தை ஜெர்மனில் பெயர்த்தபோது, கிரேக்க மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். கத்தோலிக்கர்கள் கொதித்தார்கள். எங்கள் மொழி அப்படித்தான் பேசும் என்று 1530இல் பதில் எழுதினார். லூதருக்கு ஒரு சொல்; தமிழுக்கு ஓர் எழுத்து.

கிரியையும் வேண்டும் என்ற யாக்கோபின் நிருபத்தை அவர் வைக்கோல் என்றார். நூலின் கடைசிக்குத் தள்ளினார். ஆனால் நீக்கவில்லை.

1999இல் ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்டன: மீட்பு அருளால், விசுவாசத்தில், நற்செயல் அதன் கனி.

ஏட்டில் சமாதானம் வந்தாச்சு. ஆனா, யாக்கோபை மட்டும் எனக்கு யாரும் மனப்பாடம் பண்ணச் சொன்னதே இல்லை.