காற்றில் நமது குரல்

வானொலியின் வரலாற்றை எழுதப் புகுவோர், கேட்டவர் எத்தனை பேர் என்று கணக்கிடுவதோடு அமைதியுறுவர். ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவர் யாவர் என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா.

சென்னையில் 1924-இல் தோன்றிய மாகாண வானொலிக் கழகம் பணமின்மையால் 1927-இல் ஓய்ந்தது. மாநகராட்சி 1930-இல் அப்பணியை ஏற்றது. 1938-இல் அகில இந்திய வானொலி அங்கு நிலையம் கண்டது. வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே உரிமம் பெற வேண்டியிருந்த காலம் அது. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் லயன் வீடுகளில் வாழ்ந்த நம்மவர்க்குப் பெட்டியே எட்டாக்கனி. அண்ணல் அம்பேத்கர் 1954 அக்டோபர் 3-ஆம் நாள் அகில இந்திய வானொலியில் தமது வாழ்க்கைத் தத்துவத்தை எடுத்துரைத்தார். அத்தகைய வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே கிட்டியது.

அலைவரிசை பொதுச் சொத்து என 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் சமுதாய வானொலி முதலில் கல்வி நிறுவனங்களுக்கே திறந்துவிடப்பட்டது. அண்ணா பல்கலைக்கழக நிலையம் 2004-இல் ஒலித்தது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006-இல்தான் வழி பிறந்தது.

இங்கே ஆந்திரத்தின் அன்றைய மேதக் மாவட்டத்துப் பஸ்தாபூரை நாம் நினைவுகூர்தல் தகும். அவ்வூர்ப் பகுதியின் ஒடுக்கப்பட்ட சமுதாயப் பெண்கள் உரிமத்திற்காகக் காத்திருக்கவில்லை. 1990-களின் இறுதியிலேயே யுனெஸ்கோ உதவியுடன் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தனர். விதை, சிறுதானியம், கைமருந்து, நடவுப் பாட்டு ஆகியவற்றை ஒலிநாடாவில் பதிந்து, ஊர்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டனர். நரசம்மா என்னும் ஒரே பெயர் பூண்ட இருவர் அந்நிலையத்தின் தூண்கள். 2008 அக்டோபர் 15 அன்று 'சங்கம் ரேடியோ' வானில் ஏறிற்று. அதற்கு முந்திய ஒலிநாடாக் காலமே நமக்குப் பெரிய பாடம் என்போம்.

இன்று பாட்காஸ்ட் எனப்படும் வலையொலி அந்த ஒலிநாடாவின் பேத்தியே. சமுதாய வானொலியின் ஐம்பது வாட் அலை நேர்கோட்டில் செல்வது; மலைமுகடு குறுக்கிட்டால் மறுபக்கத்துச் சிற்றூர்க்கு எட்டாது. தானே திரட்டிய செய்தியைச் சொல்லவும் அதற்கு விதி இடந்தராது. தோட்டக் கூலி பற்றிய பேச்சு செய்தியாகிவிடுமோ என்ற அச்சமும் உண்டு! கைப்பேசியில் பதியும் வலையொலிக்கு அத்தடைகள் இல்லை. இணையம் எட்டாத பள்ளங்களுக்கும் நினைவட்டையில் கையோடு கொண்டுசெல்லலாம்.

நமது சங்க இளைஞர்கள் முதலில் பதிய வேண்டியவை: பெரியோர் மலையேறி வந்த காலம், மேஸ்திரியின் கணக்கு, வாரக்கூலி, தோட்டத்துப் பிள்ளை முதன்முதலாகப் பள்ளிப்படி மிதித்த நாள். இவற்றைச் சொல்ல வல்லார் எண்பது கடந்தோர். அவருள் சிலரே இன்று நம்மிடை உளர்.